21 நாளும் ஏழு வாரமும்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு பெண்ணுக்கு 2020 பிப்ரவரி 26ஆம் தேதி மாதவிடாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வயது இருபதோ இருபத்தொன்றோ. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மகளிர் விடுதியில் ஏழெட்டுப் பேரோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வருகிறவர். இவர் நிஜமான ஆள் இல்லை, கணக்குக்காக உண்டாக்கிக்கொண்ட ஆள். சுழற்சி சரியாக 28 நாள் என்றால் அடுத்த மாதவிடாய் வரவேண்டிய தேதி மார்ச் 25. வரவில்லை. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

கர்ப்பத்தின் வயதை மருத்துவர்கள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த நாள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள்தான் பெண்ணுக்கு நினைவிருக்கும், அதனால் அங்கிருந்து எண்ணுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நாள் தள்ளிப்போச்சு' என்று முதன்முதலாக உறைக்கும் அன்றே கணக்கில் நான்கு வாரம் ஏறியிருக்கும். 2020இல் நடைமுறையிலிருந்த விதிப்படி மாத்திரையால் கருவைக் கலைக்க ஏழு வாரம் வரைதான் அனுமதி. நான்கு போக மிச்சம் மூன்று வாரம், அதாவது 21 நாள். பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்த ஊரடங்கும் 21 நாள்.

நம் பெண்ணுக்கு ஏழு வாரம் நிறைவது ஏப்ரல் 15. முதல் ஊரடங்கின் கடைசி நாள் ஏப்ரல் 14. பிறகு அது மே 3 என்றும், மே 17 என்றும், மே 31 என்றும் நீண்டுகொண்டே போனது. ஒரே மருத்துவரின் ஒப்புதல் போதும் என்று அன்றைய சட்டம் வைத்திருந்த 12 வார எல்லை அவருக்கு மே 20இல் முடிந்தது. இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால் கலைக்கலாம் என்ற 20 வார எல்லை ஜூலை 15இல் முடிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுமக்களுக்கான அரசுப் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1ஆம் தேதி.

வசதிக்காகத் தேதியைப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள் என்று யாராவது சொல்லலாம். சரிதான். பிப்ரவரி 10 என்று வைத்தால் ஊரடங்குக்கு முன்பே இரண்டு வாரம் கையில் இருந்திருக்கும். மார்ச் 15 என்று வைத்தாலோ, மூன்று வார அவகாசம் ஏப்ரல் 12இல் தொடங்கி மே 3இல் முடியும். இரண்டாம் கட்ட ஊரடங்கு முடிந்ததும் மே 3இல்தான்.

தொற்றுக்காலத்தில் பல சிகிச்சைகளைத் தள்ளிப்போட முடியும். கண்புரை அறுவையைத் தள்ளலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைக்கூடச் சில மாதம் தள்ளினால் பெரிய சேதம் இல்லை. எச்பிவி கிருமி தொற்றி அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். கர்ப்பம் அப்படியல்ல. அது நாள் கணக்கில் நகர்கிறது. கருவைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு இருப்பதோ வெறும் 72 மணி நேரம். ஊரடங்கு எல்லாக் காத்திருப்பையும் ஒரே அளவாகப் பார்த்தது. உடம்புக்குள் ஓடும் கடிகாரங்கள் வேறுவேறு வேகத்தில் ஓடின.

சுங்குவார்சத்திரம் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு கூட்டுரோடு. இங்கிருந்து ஒரு பக்கம் வாலாஜாபாத்துக்கும் மறுபக்கம் திருவள்ளூர்த் திசைக்கும் சாலை பிரிகிறது. சுற்றிலும் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள். கார், டயர், கண்ணாடி, தொலைக்காட்சிப் பெட்டி, செல்போன் எல்லாம் இங்கிருந்து கண்டெய்னரில் ஏறுகின்றன. செல்போன் பாகங்களைப் பொருத்தும் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. பள்ளியோ டிப்ளமோவோ முடித்த கையோடு ஏஜென்ட் மூலமாகவோ சொந்தக்காரப் பெண் மூலமாகவோ வந்து சேர்கிறார்கள். விடுதி, கம்பெனி பஸ், லைன், மறுபடி கம்பெனி பஸ், மறுபடி விடுதி. வார விடுமுறையில் கடைத்தெரு.

உடம்புக்கு முடியவில்லை என்றால் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. கம்பெனியிலேயே நர்ஸ் இருப்பார். அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் உண்டு. ஆனால் திருமணமாகாத ஒரு பெண் 'நாள் தள்ளிப்போச்சு' என்று சொல்ல இந்த மூன்று இடத்துக்கும் போகத் தயங்குவார். சொன்ன சொல் லைனுக்கோ வார்டனுக்கோ ஊருக்கோ போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். அதனால் இந்த ஊர்ப் பெண்களுக்கு இனப்பெருக்க நலச் சேவை என்பது நடைமுறையில் ஒரு பேருந்துப் பயணமாகவே இருந்தது. காஞ்சிபுரமோ பூந்தமல்லியோ சென்னையோ, தன் முகம் தெரியாத ஏதோ ஒரு ஊரின் மெடிக்கல் ஷாப், ஏதோ ஒரு மருத்துவமனை. கூட வரத் தோழி ஒருத்தி. தொற்று அந்தப் பெண்களிடமிருந்து மருத்துவரைப் பறிக்கவில்லை. பேருந்தைப் பறித்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

இதில் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. 2020 மே மாதமே தொழிற்சாலைகள் திறக்கத் தொடங்கின. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை மே 8ஆம் தேதி மறுபடி கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஆட்களை ஏற்றிவரக் கம்பெனி வாகனங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஜூன் 1 முதல் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் அரசுப் பேருந்தும் ஓடத் தொடங்கியது. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் இல்லை. தொற்று இங்கேதான் அதிகம் என்பதால் அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள்: விடுதியிலிருந்து லைனுக்குப் போக வண்டி உண்டு, மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் கேட்பார்கள். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் அதற்குச் சான்றும் காட்டவேண்டும். யாருக்கும் தெரியாமல் போய்வரவேண்டிய ஒரு பயணத்துக்கு அரசாங்கத்தின் இணையதளத்தில் பெயரும் காரணமும் எழுதிவைக்கச் சொன்னது அந்தக் காலம்.

ஊருக்குப் போய்விட்டவர்களின் நிலைமை மேல் என்று சொல்ல முடியுமா? ஊரில் கிராம சுகாதார செவிலியர் இருப்பார். அவரைத் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். ஆனால் அவர் அடுத்த தெரு ஆள், அம்மாவுக்குப் பழக்கமானவர். அதுவும் அந்த மாதங்களில் அவர் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார், தொற்றியவரோடு பழகியவர்களின் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் பலர் கொரோனா சிகிச்சை மையங்களுக்குப் போயிருந்தார்கள்.

காகிதத்தில் எல்லாம் சீக்கிரமே சரியாகிவிட்டது. ஊரடங்கு தொடங்கியபோது அத்தியாவசியப் பொருள் பட்டியலில் நாப்கின் தெளிவாக இடம்பெறவில்லை. மத்திய உள்துறை மார்ச் 29ஆம் தேதி விளக்கக் கடிதம் அனுப்பி அதைச் சேர்த்தது. கருக்கலைப்பும் கருத்தடையும் தடைபடக் கூடாத அத்தியாவசியச் சேவைகள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறி வெளியிட்டது. தேதி 2020 ஏப்ரல் 14. நம் பெண்ணின் ஏழு வாரக் கெடுவுக்கு முந்தின நாள்.

ஏழு வாரத்துக்குள் என்று ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கவேண்டும்? மாத்திரை செய்யும் வேலையைப் பார்த்தால் விளங்கும். கரு ஒட்டி வளர்வதற்குக் கருப்பையின் உட்சுவர் தடித்து மெத்தென்று இருக்கவேண்டும். அதை அப்படியே வைத்திருப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். மிஃபிப்ரிஸ்டோன் என்ற மருந்து அந்த ஹார்மோன் போய்ச் சேரவேண்டிய இடங்களில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. உட்சுவர் பிடி தளர்கிறது, கருப்பை வாய் இளகுகிறது. ஓரிரு நாள் கழித்துத் தரும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கவைத்து உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. இந்த இரண்டாவது மருந்து முதலில் வயிற்றுப்புண்ணுக்காக வந்தது என்பது மருத்துவ வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. ஆரம்ப வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி. ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், படுக்கை வேண்டாம். அதாவது படுக்கையும் மயக்க மருத்துவரும் கிடைக்காத ஒரு தொற்றுக்காலத்துக்கென்றே செய்துவைத்த மருந்து போன்றது. வாரம் ஏற ஏறக் கரு பெரிதாகிறது, ரத்தப்போக்கு கூடுகிறது, முழுமையாக வெளியேறாமல் தங்கிவிடும் வாய்ப்பும் கூடுகிறது. மாத்திரையில் முடிந்திருக்கவேண்டியது அறுவைச் சிகிச்சையில் போய் நிற்கிறது.

அந்த மாத்திரை எங்கே கிடைக்கும்? 2020இல் ஆறு மாநிலங்களில் சுமார் 1,500 மருந்துக் கடைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. அசாமில் நூற்றுக்கு எழுபது கடைகளில் கருக்கலைப்பு மாத்திரை இருந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு இரண்டு கடைகளில். கடைக்காரர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பதிவேடு, ஆய்வாளர், வழக்கு, எதற்கு வம்பு. பெண் சிசுவைக் கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளின் நிழல் இந்த மாத்திரை மீதும் விழுந்துவிட்டது. அறிவியல்படி இதில் பொருளே இல்லை. ஸ்கேனில் பாலினம் தெரிய 12 வாரத்துக்கு மேலாகும், மாத்திரையின் வேலையோ அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். நாட்டிலேயே நல்ல சுகாதாரக் கட்டமைப்பு கொண்ட மாநிலங்களில் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிறோம், அந்தப் பெருமைக்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் அசாம் பெண்ணுக்கு நம்மூர்ப் பெண்ணைவிட வழி அதிகம் இருந்தது.

இபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2020 மே மாதம் ஒரு கணிப்பை வெளியிட்டது. ஊரடங்கு தொடங்கிய மூன்று மாதத்தில் இந்தியாவில் வழக்கமாக நடக்கக்கூடிய கருக்கலைப்புகள் 39 லட்சம். அதில் 18 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குச் சேவை கிடைக்காமலோ தாமதமாகவோ போகும் என்றது அந்தக் கணிப்பு. அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் காரணம் மருத்துவமனை மூடியது இல்லை, மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்காமல் போனதுதான். இது தலை எண்ணிச் சொன்ன எண் இல்லை, மாதிரி வைத்துப் போட்ட கணிப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அந்த மாதங்களில் வந்த பெரிய எண்கள் எல்லாமே அப்படித்தான். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2020 ஏப்ரலில், ஊரடங்கு ஆறு மாதம் நீடித்தால் உலகில் 4 கோடியே 70 லட்சம் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் கிடைக்காமல் போகும், 70 லட்சம் வேண்டாத கர்ப்பங்கள் உண்டாகும் என்று அஞ்சியது. ஓராண்டு கழித்து அதே நிறுவனம் கணக்குப் பார்த்தபோது பாதிக்கப்பட்டவர்கள் 1 கோடியே 20 லட்சம், வேண்டாத கர்ப்பம் 14 லட்சம். பயந்ததைவிட வெகுவாகக் குறைவு. பல நாடுகள் சுதாரித்துக்கொண்டன, மூன்று மாதத்துக்கான மாத்திரையை ஒரே முறையில் கொடுத்தன. அதற்காக அந்த 14 லட்சம் சிறிய எண் ஆகிவிடாது.

உலகில் விற்கும் ஐந்து ஆணுறைகளில் ஒன்றைத் தயாரிக்கும் மலேசியாவின் கேரெக்ஸ் நிறுவனம் 2020 மார்ச் மாதம் பத்து நாள் போல மூடிக்கிடந்ததில் மட்டும் 10 கோடி ஆணுறைகள் குறைந்தன. செல்போனுக்குத்தான் உலகச் சங்கிலி உண்டு என்று நினைக்கிறோம்.

தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் அது பெரும்பாலும் ஒரே ஒரு பொருளைக் குறிக்கிறது: இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்கள் 100 பேரில் 58 பேர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை, ஆணுறை, காப்பர் டி, ஊசி எல்லாம் சேர்த்தும் பத்துப் பேரைத் தொடவில்லை. (அந்த ஆய்வே 2020 மார்ச்சில் பாதியில் நின்று, ஆண்டுக் கடைசியில் தொடர்ந்த ஒன்று.) தொற்றுக்காலத்தில் இதற்கு ஒரு விசித்திரமான விளைவு இருந்தது. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாக்களை ஊரடங்கு தொடவே இல்லை. அவர்களுக்கு மாதாமாதம் கடைக்குப் போகும் வேலை இல்லை. அடி முழுவதும் விழுந்தது மற்றவர்கள் மேல். புதிதாக மணமானவர்கள், இரண்டாவது குழந்தை பிறந்தும் தியேட்டர் கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தரா ஊசிக்கு வரவேண்டியவர்கள், பிறகு அரசாங்கக் கணக்கில் எங்குமே இல்லாத மணமாகாத பெண்கள். திரும்பத் திரும்ப வாங்கவேண்டிய எந்தக் கருத்தடை முறையும் பேருந்தையும் கடையையும் நம்பி நிற்பது.

அவசர மாத்திரையின் கதை இன்னும் மோசம். அது கருவைக் கலைப்பதில்லை. சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை வெளிவந்தபின் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் அந்த அவசரம். 2005இலிருந்தே இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். தமிழ்நாட்டில் மட்டும் கடைகளில் பார்ப்பது அரிது. சட்டத்தில் தடை ஏதும் இல்லை, கடைக்காரர்கள் பலர் தடை இருப்பதாகவே நம்புகிறார்கள். சாதாரண நாளிலேயே 72 மணி நேரத்துக்குள் கிடைக்காத ஒன்றை ஊரடங்கு புதிதாகப் பறிக்க வழியில்லை.

கர்ப்பத்தை அறிந்துகொள்வதே தாமதமானதையும் இங்கே சொல்லவேண்டும். மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி விட்டுவிட்டுச் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் மாதச் சுழற்சியைத் தொடங்கிவைக்கிறது. கடும் மன அழுத்தம், உணவுக் குறைவு, திடீர் எடை மாற்றம், மாறிமாறி வரும் இரவு ஷிப்டு ஆகியவை அந்தத் தாளத்தைக் குலைக்கக்கூடியவை. சம்பளம் வருமா, ஊருக்குப் போக முடியுமா என்று தெரியாமல் விடுதியில் அடைபட்டுக் கிடந்தவர்களில் பலருக்கு நாள் தள்ளிப்போயிருக்கும். ஆகவே நிஜமாகவே கர்ப்பமான பெண்ணும் 'டென்ஷன்ல தள்ளுது' என்று இரண்டு வாரத்தை விட்டிருப்பார். ஏழு வாரக் கணக்கில் இரண்டு வாரம் என்பது மிச்ச அவகாசத்தில் பெரும்பகுதி.

இந்தத் தாமதம் உயிரைத் தொடும் இடம் ஒன்று உண்டு. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தால் தீரும். விட்டுவிட்டால் ஆறு, எட்டு வாரத்தில் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கட்டுரை ஒன்று, தொற்றுக்காலத்தில் கருக்குழாய்க் கர்ப்பம் அறுவைச் சிகிச்சை வரை போகும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியதாகக் காட்டியது. கருக்குழாய்க் கர்ப்பம் கூடவில்லை, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரம்தான் பிந்தியது. தாமதத்தை இதைவிடத் துல்லியமாக அளக்கும் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அதே தொகுப்பில் குழந்தை இறந்து பிறப்பது கால் பங்குக்கு மேலும், பிரசவத்தில் தாய் இறப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் அதிகரித்திருந்தன. நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ஊரடங்கின்போது மருத்துவமனைப் பிரசவம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இது தெரியாத விஷயமும் இல்லை. 2014-15இல் சியரா லியோனில் எபோலா பரவியபோது, பயத்தாலும் மருத்துவமனைகள் முடங்கியதாலும் கூடுதலாக இறந்த தாய்மார், சிசுக்கள், இறந்து பிறந்த குழந்தைகள் ஆகியோரின் எண்ணிக்கை சுமார் 3,600 என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்த நாட்டில் எபோலா நேரடியாகக் கொன்றவர்களின் எண்ணிக்கைக்கு இது ஏறத்தாழச் சமம்.

தமிழ்நாட்டில் பிரசவம் அந்த அளவுக்குக் குலையவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள், மாதாமாதம் செவிலியர் தொடர்புகொள்கிறார், வலி வந்தால் 108 வருகிறது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் தொற்று உறுதியான தாய்மாருக்குப் பிரசவம் பார்த்தார்கள். தனியார் மருத்துவமனைகள் பல, பரிசோதனை முடிவு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று நின்ற நாட்களில் இது நடந்தது. பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்காக அறுபது எழுபது ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய அமைப்பு அது, தாங்கி நின்றது. பிள்ளை இப்போது வேண்டாம் என்ற பெண்ணுக்காக அப்படி எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. தாங்கி நிற்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது அலையில் கர்ப்பிணிகளின் நிலையும் மாறிவிட்டது. ஐ.சி.எம்.ஆர். 2021 ஜூனில் வெளியிட்ட ஒப்பீட்டின்படி தொற்றிய கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மாரில் இறப்பு முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். தடுப்பூசி ஜனவரியிலேயே வந்திருந்தாலும் அதன் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் அவர்களுக்குப் போடலாமா என்பதில் தெளிவில்லாமல் இருந்தது. மத்திய அரசு அனுமதி கொடுத்தது ஜூலை 2ஆம் தேதி, இரண்டாம் அலையின் உச்சம் தாண்டியபின். ஒரு மருந்தின் சோதனையில் கர்ப்பிணிகளைப் 'பாதுகாப்புக்காக' விலக்கிவைத்தால் அந்தப் பாதுகாப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அந்த ஆறு மாதம் எழுப்பிவிட்டுப் போனது.

2021 மே மாதம் இந்தத் தொழிற்பேட்டையில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகி, உற்பத்தி பாதிக்கும் கீழே போனது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஊழியர்கள் வளாகத்தைவிட்டு வெளியே போகலாம், உள்ளே வர முடியாது என்று கட்டுப்பாடு. தொற்றைத் தடுக்க இது சரியான வழிதான். ஆனால் மாத்திரை வாங்கவோ ஒரு ஸ்கேன் எடுக்கவோ வெளியே போகவேண்டிய பெண் என்ன யோசித்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

சட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில், கருத்தடை தவறிப்போனதால் கலைக்கலாம் என்ற விளக்கம் 'மணமான பெண் அல்லது அவர் கணவர்' என்றே இருந்தது. இதை 'எந்தப் பெண்ணும், அவர் துணைவரும்' என்று மாற்றி, சிலருக்கு 24 வாரம் வரை நீட்டிக்கும் திருத்த மசோதாவை மக்களவை நிறைவேற்றியது 2020 மார்ச் 17இல். ஆறு நாள் கழித்துத் தொற்றைக் காரணமாகச் சொல்லி நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார்கள். மாநிலங்களவை அதை நிறைவேற்றியது அடுத்த ஆண்டு மார்ச் 16இல், நடைமுறைக்கு வந்தது 2021 செப்டம்பர் 24இல். மாத்திரைக்கான வரம்பும் ஒன்பது வாரமாக உயர்ந்தது. மிகவும் தேவைப்பட்ட பதினெட்டு மாதமும் அந்தத் திருத்தம் டெல்லியிலேயே கிடந்தது.

இங்கிலாந்து வேறொன்று செய்தது. 2020 மார்ச் 30ஆம் தேதி, பெண்கள் தொலைபேசியில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசி, இரண்டு மாத்திரைகளையும் தபாலில் பெற்று வீட்டிலேயே உட்கொள்ளலாம் என்று தற்காலிக அனுமதி கொடுத்தது. பிறகு 52,000க்கும் மேற்பட்ட கருக்கலைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காத்திருப்பு சராசரியாக நான்கு நாள் குறைந்திருந்தது. ஆறு வாரத்துக்குள் முடித்தவர்கள் நூற்றுக்கு 25இலிருந்து 40 ஆகியிருந்தார்கள். பக்கவிளைவுகள் கூடவில்லை. 2022இல் அந்தத் தற்காலிக அனுமதியை நிரந்தரமாக்கினார்கள். இந்தியாவும் 2020 மார்ச் 25ஆம் தேதியே, அதாவது ஊரடங்கின் முதல் நாளே, தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் தொலைபேசியில் சீட்டு வாங்க முடிந்தது. கருக்கலைப்பு அந்த வசதிக்குள் வரவில்லை.

2021 டிசம்பரில் ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான் சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் எப்படித் தங்கவைக்கப்படுகிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. 2024 ஜூனில் இன்னொரு செய்தி வந்தது. ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஃபாக்ஸ்கான் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது; மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எந்த அளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் தொழிற்பேட்டையில் லைனில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மணமாகாத இளம்பெண்கள் என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். நம் கருத்தடைத் திட்டமோ மணமானவர்களை, அதுவும் இரண்டு பிள்ளை பெற்றவர்களை மனதில் வைத்தே அமைந்தது. வேலைக்கு மணமாகாதவர் வேண்டும், சேவைக்கு மணமானவராக இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் நான்கைந்து ஆண்டு வாழ்கிறார்.

2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய மகளிர் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். சுமார் 706 கோடி ரூபாய் செலவு, 18,720 படுக்கைகள். பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். சுகாதாரத் துறையின் விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் அதற்கொரு கிராம சுகாதார செவிலியரும் வேண்டும். அந்தக் கணக்கில் இந்த விடுதி நிறைந்தால் அதற்கே கிட்டத்தட்ட நான்கு செவிலியர்கள் தேவை. ஷிப்டு முடிந்து வருகிற நேரத்தில் கதவு திறந்திருக்கவேண்டும். கம்பெனிக்கும் வார்டனுக்கும் பதில் சொல்லவேண்டாதவர்களாக அவர்கள் இருக்கவேண்டும். கையிருப்பில் மூன்று மாதத்துக்கான கருத்தடை மாத்திரையும் இருக்கவேண்டும். ஆனால் 5,000 பேரை எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து. கடைசியாக எடுத்தது 2011இல். அங்கே இப்போது தங்குகிறவர்கள் பலர் அப்போது வெவ்வேறு ஊர்களில் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவேண்டியது. தொற்றால் தள்ளிவைத்தார்கள்.